காசு வாங்கிய எம்.பி., காசு கொடுத்த கை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எம்.பி.யோ எம்.எல்.ஏ.வோ பணம் வாங்கிக்கொண்டு அவையில் வாக்களித்தால், கேள்வி கேட்டால், சட்டத்தில் ஒரு வரியை மாற்றச் சொன்னால் சட்டம் என்ன செய்யும்? லஞ்சம் வாங்கினால் அவை உறுப்பினர் என்ற பாதுகாப்பு கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2024 மார்ச்சில் சொன்ன தீர்ப்புக்குப் பிறகு இந்தக் கேள்வி அடிக்கடி வருகிறது. தீர்ப்பைப் பற்றிய செய்திகள் பெரும்பாலும் வாங்கியவர்களைப் பற்றியே பேசின. கொடுத்தவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதால்தான் இந்தப் பக்கம்.

லாபியிங் என்பதே லஞ்சம்தானா?

இல்லை. சட்டம் செய்பவர்களிடம் போய்த் தம் தரப்பை எடுத்துச் சொல்வதுதான் லாபியிங். நூல் விலை ஏறும்போது திருப்பூர் பின்னலாடை ஏற்றுமதியாளர்கள் டெல்லிக்குப் போய் அமைச்சரிடம் மனு கொடுக்கிறார்கள். விவசாயச் சங்கங்கள் எம்.பி.க்களைச் சந்தித்து, கரும்புக்கு விலை போதாது, அவையில் பேசுங்கள் என்கின்றன. பட்ஜெட்டுக்கு முன்னால் தொழில் கூட்டமைப்புகள் நிதியமைச்சரைப் பார்ப்பது ஆண்டுதோறும் நடக்கிறது. இவையெல்லாம் லாபியிங்தான், ஜனநாயகத்தில் இருக்கவும் வேண்டும். சட்டத்தால் பாதிக்கப்படப்போகிறவர் சட்டம் செய்பவரிடம் பேசக் கூடாது என்றால், யார்தான் பேசுவது?

எம்.பி.க்குத் தனிப்பட்ட ஆதாயம் போய்ச் சேரும் இடத்தில்தான் அது லஞ்சமாகிறது. அந்த ஆதாயம் பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. மகனுக்கு வேலை, மைத்துனருக்குக் காண்டிராக்ட், வெளிநாட்டுப் பயணம், வீட்டை இரண்டு மடங்கு விலைக்கு வாங்கிக்கொள்வது என்று எதுவாகவும் இருக்கலாம். ஊழல் தடுப்புச் சட்டம் இதை 'முறையற்ற ஆதாயம்' என்கிறது. ரொக்கம் மட்டும் என்று எங்கேயும் சொல்லவில்லை.

சுதந்திர இந்தியாவில் இப்படி முதலில் மாட்டியவர் யார்?

பம்பாயைச் சேர்ந்த காங்கிரஸ் உறுப்பினர் எச்.ஜி. முட்கல். ஆண்டு 1951. முதல் பொதுத்தேர்தல்கூட அப்போது நடக்கவில்லை, இடைக்கால நாடாளுமன்றம்தான் இருந்தது.

பம்பாய் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு அவர்களுக்காக வேலை பார்த்தார் என்பது குற்றச்சாட்டு. என்னென்ன வேலை என்று பார்த்தால், இன்றைய லாபியிஸ்ட் செய்யும் அத்தனையும் அதில் இருக்கிறது. முன்பேர வணிகத்தை (பின்னால் கொடுக்கப்போகும் சரக்குக்கு இப்போதே விலை பேசுவதை) ஒழுங்குபடுத்தும் மசோதாவுக்குத் திருத்தங்கள் கொடுத்தார். சங்கத்துக்குத் தேவையான கேள்விகளை அவையில் கேட்டார். அமைச்சர்களைச் சந்திக்க ஏற்பாடு செய்தார். பெரிய வாக்கெடுப்பு எதிலும் அவர் கட்சி மாறி நிற்கவில்லை. சட்டத்தின் ஓரத்தில் இரண்டு வரி, அமைச்சர் அறையில் பத்து நிமிடம், இவ்வளவுதான் விற்பனைக்கு வந்தது.

விசாரணைக் குழுவுக்குத் தலைவர் நம்ம ஊர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் உறுதியானது. அவையிலிருந்து நீக்கும் தீர்மானத்தை 1951 செப்டம்பரில் பிரதமர் நேருவே, தன் சொந்தக் கட்சி உறுப்பினர் மீது, கொண்டுவந்தார். வாக்கெடுப்புக்கு முன்பே முட்கல் ராஜினாமா கடிதம் கொடுத்துவிட்டார். அவையோ அதோடு விடவில்லை. அவர் நீக்கப்பட வேண்டியவர் என்றும், அந்தக் கடிதத்தின் வாசகமே அவையை அவமதிப்பது என்றும் தீர்மானம் போட்டுப் பதிவு செய்தது. ஆளுங்கட்சி தன் ஆள் மீது இவ்வளவு உறுதியாக நின்றதை அதற்குப் பிறகு நாம் அதிகம் பார்க்கவில்லை.

1993-இல் என்ன நடந்தது? ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா வழக்கு என்கிறார்களே?

1993 ஜூலையில் பிரதமர் நரசிம்ம ராவின் காங்கிரஸ் அரசு மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் வந்தது. மக்களவையில் அப்போது இருந்த உறுப்பினர்கள் 528 பேர், காங்கிரசிடம் 251. பெரும்பான்மைக்கு 14 குறைவு. ஜூலை 28 வாக்கெடுப்பில் தீர்மானத்துக்கு ஆதரவாக 251, எதிராக 265. அரசு பிழைத்தது.

பிழைக்கவைத்த வாக்குகளில் ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா கட்சியின் நான்கு எம்.பி.க்களுடையவையும் இருந்தன: சிபு சோரன், சூரஜ் மண்டல், சைமன் மராண்டி, சைலேந்திர மஹதோ. ஜனதா தளத்திலிருந்து பிரிந்த அஜித் சிங் அணியைச் சேர்ந்த சிலரும் அரசின் பக்கம் வாக்களித்தார்கள். இந்த வாக்குகளுக்காகக் கோடிக்கணக்கில் பணம் கைமாறியது என்று 1996-இல் சி.பி.ஐ.யிடம் புகார் போனது. பணத்தின் தடம் டெல்லி நௌரோஜி நகரில் உள்ள பஞ்சாப் நேஷனல் வங்கிக் கிளைக்குப் போய் நின்றது. எம்.பி.க்கள் பெயரில் அங்கே கணக்குகள் இருந்தன, பணம் விழுந்த பதிவும் இருந்தது. மஹதோ அப்ரூவராக, அதாவது குற்றத்தை ஒப்புக்கொண்டு அரசுத் தரப்புச் சாட்சியாக, மாறினார்.

அவ்வளவு ஆதாரம் இருந்தும் எப்படித் தப்பினார்கள்?

அரசமைப்புச் சட்டத்தின் 105(2)-ஆவது பிரிவால். நாடாளுமன்றத்தில் ஒரு உறுப்பினர் பேசிய எதற்காகவும், அளித்த எந்த வாக்குக்காகவும் அவர் மீது நீதிமன்ற நடவடிக்கை கிடையாது என்கிறது அது. சட்டமன்றங்களுக்கு அதே பாதுகாப்பை 194(2) தருகிறது.

1998 ஏப்ரல் 17-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு 3-க்கு 2 என்று பிரிந்து தீர்ப்புச் சொன்னது. லஞ்சத்துக்கும் வாக்குக்கும் தொடர்பு இருக்கிறது, வாக்குக்குப் பாதுகாப்பு இருக்கிறது, ஆகவே வாங்கிக்கொண்டு வாக்களித்தவர்கள் மீது வழக்குத் தொடர முடியாது என்றது பெரும்பான்மை. நீதிபதி எஸ்.சி. அகர்வாலும் ஏ.எஸ். ஆனந்தும் மாறுபட்டார்கள்.

இதன் விளைவைப் பாருங்கள். பணம் வாங்கியதாகக் குற்றம் சாட்டப்பட்டவர்களில் அஜித் சிங் வாக்கெடுப்பில் கலந்துகொள்ளவில்லை. ஆகவே அவருக்குப் பாதுகாப்பு இல்லை, வழக்கு உண்டு என்றது நீதிமன்றம். வாங்கிய காசுக்கு வேலையைக் கச்சிதமாக முடித்துக் கொடுத்தவருக்குக் கவசம். வாங்கிவிட்டு அவைக்குப் போகாதவருக்குக் குற்றக்கூண்டு. இருபத்தாறு ஆண்டுகள் இதுதான் இந்த நாட்டின் சட்டமாக இருந்தது. இதை நினைக்கும்போது எனக்கு இன்னும் கோபம் வருகிறது.

கொடுத்தவர்களுக்கு என்ன ஆனது?

கொடுத்தவர்களுக்கு 105(2) பாதுகாப்பு இல்லை என்று அதே தீர்ப்பு சொன்னது. எனவே நரசிம்ம ராவ் மீதும் காங்கிரஸ் தலைவர்களில் ஒருவரான பூட்டா சிங் மீதும் விசாரணை தொடர்ந்தது. 2000-இல் சிறப்பு நீதிமன்றம் இருவரையும் குற்றவாளிகள் என்று சொல்லி மூன்று ஆண்டு சிறைத்தண்டனை விதித்தது. இந்தியாவில் முன்னாள் பிரதமர் ஒருவர் குற்றவாளி எனத் தீர்ப்பு வந்தது அதுதான் முதல் முறை. 2002 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் இருவரையும் விடுவித்தது. அப்ரூவர் மஹதோவின் சாட்சியத்தை நம்பமுடியாது என்றது.

ஆக, வாங்கியவர்களை அரசமைப்புச் சட்டம் காத்தது; கொடுத்ததாகச் சொல்லப்பட்டவர்கள் மேல்முறையீட்டில் வெளியே வந்தார்கள். வங்கிக் கணக்கில் விழுந்த பணத்துக்குக் கடைசிவரை யாரும் பதில் சொல்லவில்லை.

2024 தீர்ப்பில் என்ன மாறியது?

எல்லாம் மாறியது என்று சொல்லலாம். வழக்கைத் தொடுத்தவர் சீதா சோரன், சிபு சோரனின் மருமகள். 2012-இல் ஜார்க்கண்டில் மாநிலங்களவைத் தேர்தல் நடந்தபோது அவர் எம்.எல்.ஏ. அந்தத் தேர்தல் நாளன்று ராஞ்சி அருகே ஒரு காரில் 2 கோடிக்கும் மேல் ரொக்கம் பிடிபட்டு, தேர்தலே ரத்தானது. சுயேச்சை வேட்பாளர் ஒருவரிடம் பணம் வாங்கினார் என்பது சீதா சோரன் மீதான குற்றச்சாட்டு. அவர் அந்த வேட்பாளருக்கு வாக்களிக்கவில்லை, சொந்தக் கட்சி வேட்பாளருக்கே போட்டார். மாமனாருக்குக் கிடைத்த பாதுகாப்பு தனக்கும் வேண்டும் என்று கேட்டார். வாங்கிய காசுக்கு ஏற்ப வாக்களிக்காததால் பாதுகாப்பு பொருந்தாது என்று ஜார்க்கண்ட் உயர் நீதிமன்றம் 2014-இல் சொல்லிவிட்டது. வழக்கு உச்ச நீதிமன்றம் வந்து, கடைசியில் ஏழு நீதிபதிகள் அமர்வுக்குப் போனது.

2024 மார்ச் 4-ஆம் தேதி தலைமை நீதிபதி டி.ஒய். சந்திரசூட் தலைமையிலான அந்த அமர்வு ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து உச்ச நீதிமன்றம் சென்ற எம்.எம். சுந்தரேஷும் அதில் இருந்தார். தீர்ப்பின் மையம் எளிமையானது: லஞ்சம் வாங்கிய நொடியிலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. அப்புறம் எப்படி வாக்களித்தார், வாக்களித்தாரா இல்லையா என்பதெல்லாம் குற்றத்துக்குத் தேவையில்லாத விஷயம். லஞ்சம் வாங்குவது சட்டமியற்றும் பணியின் ஒரு பகுதி அல்ல, எனவே அதற்குப் பாதுகாப்பும் இல்லை. மாநிலங்களவைத் தேர்தலில் போடும் வாக்குக்கும் இதே விதிதான்.

ஊழல் தடுப்புச் சட்டத்தின் 7-ஆவது பிரிவிலேயே இதற்கு ஒரு விளக்க உதாரணம் இருக்கிறது. ரேஷன் கார்டு விண்ணப்பத்தை உரிய நேரத்தில் முடித்துத்தர ஒரு அரசு ஊழியர் 5,000 ரூபாய் கேட்கிறார். கேட்டதுமே அவர் குற்றவாளி. கார்டு வந்ததா வரவில்லையா என்று சட்டம் கேட்பதில்லை. தாலுகா அலுவலக ஊழியருக்கு இருந்த விதி, இப்போதுதான் எம்.பி.க்கும் வந்து சேர்ந்திருக்கிறது.

சீதா சோரன் குற்றவாளி என்று இந்தத் தீர்ப்பு சொல்லவில்லை. அவர் விசாரணையைச் சந்திக்க வேண்டும் என்று மட்டும்தான் சொன்னது.

அப்படியானால் இனி அவையில் துணிந்து பேசுகிறவர்கள் மீதெல்லாம் வழக்குப் போட்டு மிரட்டலாமே?

நியாயமான பயம். 105(2) சும்மா எழுதப்பட்டதல்ல. இங்கிலாந்தில் மன்னருக்கு எதிராகப் பேசிய உறுப்பினர்களைச் சிறையில் தள்ளிய காலம் இருந்தது. 1689-இல் அங்கே உரிமைச் சாசனத்தில் பேச்சுரிமையை எழுதிவைத்ததற்கு அதுதான் காரணம். அந்தப் பாதுகாப்பு இன்றும் அப்படியே இருக்கிறது. அமைச்சரைக் கடுமையாக விமர்சித்ததற்காக, தொழிலதிபர் ஒருவரின் பெயரைச் சொன்னதற்காக யாரும் அவதூறு வழக்குப் போட முடியாது. பணம் வாங்கினார் என்று காட்ட வேண்டும், அதற்கு ஆதாரம் வேண்டும்.

ஆனால் விசாரணை அமைப்புகள் ஆளுங்கட்சியின் கையில் இருக்கும்வரை இந்தப் பயம் முழுதாகப் போகாது. எதிர்க்கட்சி எம்.பி. மீது ரெய்டு, ஆளுங்கட்சி எம்.பி. மீது மௌனம் என்று போனால், நல்ல தீர்ப்பும் கெட்ட ஆயுதமாகிவிடும்.

கேள்வி கேட்பதற்கா பணம்? ஒரு கேள்வியால் யாருக்கு என்ன லாபம்?

நிறைய. நாடாளுமன்றக் கேள்விக்கு அமைச்சகம் பதில் சொல்லியே ஆக வேண்டும். போட்டி நிறுவனத்தின் உரிமத்தைப் பற்றிக் கேட்டால் அதன் விவரம் வெளியே வரும். ஒரு டெண்டரைப் பற்றி இரண்டு கேள்வி வந்தாலே அந்தக் கோப்பைத் தொட அதிகாரி யோசிப்பார். ஒரு பொருளுக்கு இறக்குமதி வரி குறையுமா என்று கேட்டால், அரசின் எண்ணம் முன்கூட்டியே தெரிந்துவிடும். இவை எல்லாம் சந்தையில் விலை உள்ள தகவல்கள்.

2005 டிசம்பர் 12-இல் கோப்ராபோஸ்ட் இணையதளம் நடத்திய ரகசியப் படப்பிடிப்பை ஆஜ் தக் தொலைக்காட்சி ஒளிபரப்பியது. சிறு உற்பத்தியாளர்கள் சங்கம் என்று இல்லாத ஒரு சங்கத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு பத்திரிகையாளர்கள் எம்.பி.க்களிடம் போனார்கள். 15,000 ரூபாயிலிருந்து 1,10,000 ரூபாய் வரை வாங்கிக்கொண்டு கேள்விகளை எழுதிக் கொடுத்தார்கள் எம்.பி.க்கள். அனுப்பிய கேள்விகளில் ஒன்று, ஜெர்மனியிலிருந்து ஒரு குறிப்பிட்ட டீசல் எஞ்சினை வாங்க ரயில்வே ஆர்டர் கொடுத்திருக்கிறதா என்பது. அப்படி ஒரு எஞ்சின் உலகத்திலேயே இல்லை. அமெரிக்க நாவல் ஒன்றின் கதாநாயகன் பெயரை அதற்கு வைத்திருந்தார்கள். கையெழுத்துப் போட்டவர் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை. தொகுதி மக்கள் கொடுத்த கேள்வி கேட்கும் உரிமை அந்த அளவுக்கு வெற்றுத்தாளாகிப் போயிருந்தது.

மக்களவையில் 10, மாநிலங்களவையில் 1, மொத்தம் 11 பேர். ஆறு பேர் பா.ஜ.க., மூன்று பேர் பகுஜன் சமாஜ், காங்கிரஸும் ராஷ்ட்ரிய ஜனதா தளமும் தலா ஒருவர். ஒளிபரப்பாகி பதினோராவது நாள், டிசம்பர் 23-ஆம் தேதி, எல்லோரும் நீக்கப்பட்டார்கள். நீக்கும் அதிகாரம் அவைக்கு உண்டு என்று 2007 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் ஒப்புக்கொண்டது.

மஹுவா மொய்த்ரா விவகாரமும் இதே வகையா?

குற்றச்சாட்டு அதே வகை. மொய்த்ரா திரிணாமூல் காங்கிரஸ் எம்.பி. தொழிலதிபர் ஒருவருக்காகக் கேள்வி கேட்டார், நாடாளுமன்றத் தளத்தின் கடவுச்சொல்லைப் பகிர்ந்தார் என்று சொல்லி 2023 டிசம்பர் 8-இல் மக்களவை அவரை நீக்கியது. கடவுச்சொல்லைப் பகிர்ந்ததை ஒப்புக்கொண்ட அவர், பணம் வாங்கியதை முழுவதுமாக மறுக்கிறார். 2024 தேர்தலில் அதே கிருஷ்ணாநகர் தொகுதியில் மறுபடி வென்றார். 2005-இல் கேமராவில் ரூபாய் நோட்டே பதிவாகியிருந்தது. இங்கே அப்படி ஒன்று வெளிவரவில்லை. இரண்டையும் ஒரே தட்டில் வைப்பது சரியில்லை என்பது என் கருத்து.

2008-இல் அவையில் நோட்டுக்கட்டுகளைக் காட்டினார்களே, அது?

ஜூலை 22, அமெரிக்காவுடனான அணுசக்தி ஒப்பந்தத்தை ஒட்டி மன்மோகன் சிங் அரசு சந்தித்த நம்பிக்கை வாக்கெடுப்பு. வாக்களிக்காமல் இருக்க எங்களுக்குக் கொடுத்தது என்று சொல்லி மூன்று பா.ஜ.க. எம்.பி.க்கள் நோட்டுக்கட்டுகளை அவையின் மேசையில் வைத்தார்கள். அரசு 275-256 என்று வென்றது. 2011-இல் குற்றப்பத்திரிகை வந்தது, 2013-இல் பெரும்பாலானோர் விடுவிக்கப்பட்டார்கள்.

கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கும்போது, தனி எம்.எல்.ஏ.வின் வாக்கை வாங்கி என்ன பயன்?

1985-இல் அந்தச் சட்டம் வந்த பிறகு, கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவி போய்விடும். மசோதா மீதான வாக்கை ஒவ்வொருவராக விலைக்கு வாங்குவது அதனால் குறைந்தது. பேரம் இரண்டு இடங்களுக்கு நகர்ந்தது. ஒன்று, ஆட்சி கவிழும் நேரம்; மொத்தமாக ராஜினாமா, மொத்தமாகப் பிளவு. இரண்டு, மாநிலங்களவைத் தேர்தல். அங்கே கட்சி மாறி வாக்களித்தாலும் அந்தச் சட்டத்தின் கீழ் பதவி போகாது.

ஆட்சி ஆட்டம் காணும் நேரத்தில் எம்.எல்.ஏ.க்களைப் பேருந்தில் ஏற்றி விடுதிக்குக் கொண்டுபோவது இதனால்தான். 2017 பிப்ரவரியில் அ.தி.மு.க. எம்.எல்.ஏ.க்கள் கூவத்தூர் விடுதியில் தங்கவைக்கப்பட்டதையும், 18-ஆம் தேதி எடப்பாடி பழனிசாமி அரசு 122 வாக்குகளுடன் நம்பிக்கை வாக்கு வென்றதையும் நாம் எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். விடுதியில் தங்குவது குற்றமல்ல. ஆனால் விடுதிச் செலவை யார் கொடுத்தார்கள், எந்தக் கணக்கில் எழுதினார்கள் என்று எந்த மாநிலத்திலும் எந்தக் கட்சியும் கணக்குக் காட்டும் கட்டாயம் இல்லை. அந்தக் கேள்வி அப்படியே நிற்கிறது.

தண்டனை எவ்வளவு?

7-ஆவது பிரிவின்படி குறைந்தது 3, அதிகபட்சம் 7 ஆண்டு சிறை, அபராதம். ஊழல் தடுப்புச் சட்டத்தின் கீழ் தண்டனை பெற்றால் தேர்தலில் நிற்கத் தகுதியும் போகும். அபராதம் மட்டும் என்றாலும் தீர்ப்பு நாளிலிருந்து 6 ஆண்டு தடை. மேல்முறையீடு செய்தால் பதவி தப்பும் என்ற சலுகையை லில்லி தாமஸ் வழக்கில் 2013 ஜூலையில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

கொடுத்தவரை இப்போது சட்டம் என்ன செய்யும்?

2018 திருத்தத்துக்குப் பிறகு கொடுப்பதும் நேரடியாகக் குற்றம். 8-ஆவது பிரிவு, 7 ஆண்டு வரை சிறை. மிரட்டி வாங்கினார்கள் என்றால், கொடுத்த 7 நாட்களுக்குள் காவல்துறையிடமோ விசாரணை அமைப்பிடமோ சொல்லிவிட்டால் தப்பலாம். நிறுவனம் கொடுத்தால் 9-ஆவது பிரிவு. இடைத்தரகருக்கு 7ஏ: என் செல்வாக்கைப் பயன்படுத்தி முடித்துத்தருகிறேன் என்று வாங்கினாலே 3 முதல் 7 ஆண்டு.

சட்டப் புத்தகத்தில் எல்லாம் இருக்கிறது. ஆனால் கொடுத்தவர் வாய் திறந்தால் அவருக்கும் சிறை என்பதால் சாட்சி சொல்ல யாரும் வருவதில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். சாதாரண மனிதர் விஷயத்தில் அது உண்மை. மனைப்பட்டாவுக்கு 3,000 ரூபாய் கொடுத்த விவசாயியையும், சட்டத்தில் ஒரு வரிக்காகக் கோடி கொடுத்த நிறுவனத்தையும் ஒரே மாதிரி நடத்தக் கூடாது. முதலாமவர் பாதிக்கப்பட்டவர், இரண்டாமவர் வாங்க வந்தவர்.

அமெரிக்காவில் லாபியிங் சட்டப்படி சரி என்கிறார்களே, அங்கே லஞ்சம் இல்லையா?

இருக்கிறது. வித்தியாசம், அங்கே பதிவேடு இருக்கிறது. 1995 சட்டப்படி லாபியிஸ்டுகள் பதிவு செய்ய வேண்டும். யாருக்காக, எந்த மசோதாவுக்காக, எவ்வளவு செலவில் என்று இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை தெரிவிக்க வேண்டும்.

அதையும் மீறித்தான் ஜாக் ஆப்ரமாஃப் விவகாரம் நடந்தது. சூதாட்ட விடுதிகள் நடத்திய பூர்வகுடி இனக்குழுக்களிடம் கோடிக்கணக்கில் கட்டணம் வாங்கி, எம்.பி.க்களைக் கோல்ஃப் பயணம், விருந்து என்று கவனித்துக்கொண்ட லாபியிஸ்ட் அவர். 2006 ஜனவரியில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். பாப் நே என்ற எம்.பி.க்கு 30 மாதம் சிறை. அதே ஆண்டு மார்ச்சில் ராண்டி கன்னிங்ஹாம் என்ற கலிஃபோர்னியா எம்.பி.க்கு 8 ஆண்டு 4 மாதம். அவருடைய வழக்கில் ஒரு தாள் சிக்கியது. எம்.பி.யின் அலுவலக முத்திரை போட்ட குறிப்புத்தாள். இடப்பக்கம் ராணுவக் காண்டிராக்டின் மதிப்பு, வலப்பக்கம் அதற்கான லஞ்சம், ஆயிரம் டாலர் கணக்கில். 1.6 கோடி டாலர் காண்டிராக்டுக்கு 1,40,000 டாலர் மதிப்புள்ள படகு. அதற்கு மேல் ஒவ்வொரு 10 லட்சம் டாலருக்கும் 50,000. 2 கோடி டாலரைத் தாண்டினால் அதுவே 25,000 ஆகக் குறைகிறது. மொத்தமாக வாங்குபவருக்கு விலைக் குறைப்பு. ஒரு நாட்டின் பாதுகாப்புச் செலவை இப்படி விலைப்பட்டியல் போட்டு விற்றிருக்கிறார்.

இந்தியாவில் லாபியிஸ்ட் பதிவேடு இருக்கிறதா?

இல்லை. 2012 டிசம்பரில் வால்மார்ட் நிறுவனம் அமெரிக்க செனட்டில் தாக்கல் செய்த அறிக்கையில், லாபி செலவுக் கணக்கில் இந்தியச் சில்லறை வணிகத்தில் அந்நிய முதலீடு பற்றிய பேச்சுகளும் இடம்பெற்றிருந்தன. நம் நாடாளுமன்றம் கொந்தளித்தது. நீதிபதி முகுல் முட்கல் தலைமையில் விசாரணையும் வந்தது. ஆனால் யோசித்துப் பாருங்கள்: நம் சட்டத்தை மாற்ற யார் செலவு செய்கிறார்கள் என்பது அமெரிக்கச் சட்டத்தின் தயவால்தான் நமக்குத் தெரியவந்தது. 2013-இல் ஒடிசா எம்.பி. காலிகேஷ் சிங் தேவ் கொண்டுவந்த தனிநபர் மசோதா சட்டமாகவில்லை. உறுப்பினர்களின் நலன்களைப் பதியும் ஏடு மாநிலங்களவையில் உண்டு. மக்களவையில் அதற்கு இணையானது இல்லை.

இந்தப் பதிவேடு வராதவரை, அடுத்த ரகசியக் கேமராவுக்காகக் காத்திருப்பதைத் தவிர நமக்கு வழியில்லை.

கட்சிக்குக் கொடுக்கும் நன்கொடை லஞ்சமாகுமா?

தானாக ஆகாது. ஆனால் இன்று பெரிய பணம் தனி எம்.பி.யிடம் போவதில்லை, கட்சிக்குப் போகிறது. கொறடா சொன்னால் எல்லோரும் கை தூக்கப் போகிறார்கள் என்னும்போது கொறடாவைப் பிடித்தால் போதுமே.

2018-இல் வந்த தேர்தல் பத்திரம், அதாவது வங்கியில் வாங்கிக் கட்சிக்கு நன்கொடையாகக் கொடுக்கும் பத்திரம், கொடுத்தவர் பெயரை மறைத்தது. நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 7.5 சதவீதத்துக்கு மேல் கொடுக்கக் கூடாது என்ற வரம்பும் 2017-இல் எடுக்கப்பட்டது. 2024 பிப்ரவரி 15-இல் உச்ச நீதிமன்றம் இரண்டையும் செல்லாது என்றது. பட்டியல் வெளியானபோது, அதிகப் பத்திரம் வாங்கியது கோயம்புத்தூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஃபியூச்சர் கேமிங் என்ற லாட்டரி நிறுவனம்: 1,368 கோடி ரூபாய். மொத்தப் பத்திரங்களில் ஏறத்தாழ பாதி பா.ஜ.க.வுக்குப் போனது. தி.மு.க. பெற்ற 656 கோடியில் 509 கோடி இந்த ஒரே லாட்டரி நிறுவனத்திடமிருந்து. அ.தி.மு.க. பெற்ற 6 கோடியில் 5 கோடி சென்னை சூப்பர் கிங்ஸ் நிறுவனத்திடமிருந்து. தமிழ்நாட்டில் லாட்டரி 2003-இலேயே தடை செய்யப்பட்டது. அப்புறம் ஏன் இவ்வளவு பணம்? அது லஞ்சம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. கேள்வியைக் கேட்க ஆதாரம் தேவையில்லை. அதற்கு அந்தத் தொகையே போதும். கொடுத்ததற்குக் கைமாறு நடந்ததா என்று சிறப்புக் குழு வைத்து விசாரிக்கக் கோரிய மனுக்களை 2024 ஆகஸ்ட் 2-இல் உச்ச நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஓட்டுக்குப் பணம் வாங்கும் மக்களுக்கு இதைக் கேட்க உரிமை உண்டா?

உண்டு. 2019-இல் வேலூர் மக்களவைத் தேர்தல் பணப்பட்டுவாடாவால் ரத்தானது நமக்குத் தலைகுனிவுதான். ஆனால் அந்த 500, 1,000 ரூபாயை வேட்பாளர் எங்கிருந்து கொண்டுவருகிறார்? சட்டப்படி தமிழ்நாட்டில் மக்களவைத் தேர்தலில் ஒரு வேட்பாளருக்குச் செலவு வரம்பு 95 லட்சம் ரூபாய். அதற்கு மேல் கொட்டும் பணத்தை யாரோ கொடுக்கிறார்கள், ஏதோ எதிர்பார்த்துக் கொடுக்கிறார்கள். வாங்கும் வாக்காளரைத் திட்டிவிட்டு அந்தக் கொடையாளரை விட்டுவிடுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

சந்தேகம் இருந்தால் எங்கே பார்ப்பது, எங்கே புகார் கொடுப்பது?

எம்.பி. கேட்ட கேள்விகளும் அரசின் பதில்களும் நாடாளுமன்ற இணையதளத்தில் பெயர்வாரியாக இருக்கின்றன. சொத்து, தொழில், கடன் விவரம் வேட்புமனுவோடு கொடுத்த பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். 20,000 ரூபாய்க்கு மேல் கட்சிக்குக் கொடுத்தவர்கள் பட்டியல் தேர்தல் ஆணையத் தளத்தில் ஆண்டுதோறும் வரும். அரசியல் நன்கொடையை நிறுவனங்கள் தங்கள் கணக்கறிக்கையில் காட்ட வேண்டும். இவற்றின் தேதிகளை ஒன்றுக்கொன்று ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரே நிறுவனத்துக்குச் சாதகமான கேள்விகள் தொடர்ந்து வந்திருந்தால் கண்ணில் படும்.

எம்.பி. மீது, ஊழல் புகார்களை விசாரிக்கும் தேசிய அமைப்பான லோக்பாலிடம் புகார் கொடுக்கலாம். உரிய படிவமும் பிரமாணப் பத்திரமும் வேண்டும். அவையில் பேசியது, வாக்களித்தது பற்றி, 105(2) பாதுகாப்பு பொருந்தும் அளவுக்கு, லோக்பால் விசாரிக்கக் கூடாது என்று அதன் சட்டம் சொல்கிறது. லஞ்சத்துக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்று 2024 தீர்ப்பு சொல்லிவிட்டதால், புகாரில் பேச்சையும் வாக்கையும் விட்டுவிட்டுப் பணம் கைமாறியதை முன்னால் வைத்து எழுதுங்கள். எம்.எல்.ஏ. என்றால் தமிழ்நாட்டில் லோக் ஆயுக்தாவும் லஞ்ச ஒழிப்புத் துறையும் இருக்கின்றன. தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் லோக்பால் சட்டப்படி ஓராண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம். சம்பவம் நடந்து 7 ஆண்டுகள் கடந்திருந்தால் லோக்பால் புகாரை எடுத்துக்கொள்ளாது.